சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

(போர்ட் கிள்ளானில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தோட்டத் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறி மிதிக்கலாம். சைக்கிள் தொழிலாளியின் சொந்தச் சைக்கிள். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஆனாலும் அதன்மேல் உட்கார்ந்திருக்க இன்னொருவர் சம்மதம் வேண்டும். எண்பது எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இதுதான் வழக்கம்.

1941-ல் இந்த வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, வேலை நேரம் இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. அவற்றோடு அவற்றாக, துரைமார் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் சைக்கிளில் ஏறிப் போக விட வேண்டும் என்பதும் இருந்தது.

பிறர் தலையசைப்புக்குக் காத்து நிற்காமல் தன்னைத் தானே நம்பக் கற்றுக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பொருள். இதைப் பற்றிய புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல, கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. வெளியூர்க் கண்ணாடி எதற்கு? இந்த மண்டபத்திலிருந்து சில மைல் தூரத்தில் நடந்த ஒன்றை வைத்தே இந்தப் பொருளைப் பேசலாம்.

முதல் கேள்வி. பிறர் ஒப்புதலைத் தேடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போதே வருகிறதா? கைக்குழந்தை பசித்தால் யாரையும் கேட்டுக்கொண்டு அழுவதில்லை. அந்தப் பழக்கம் பிறகு கற்றுக்கொடுக்கப்படுகிறது. சில இடங்களில் மிகக் கவனமாகக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. தோட்டம் அப்படி ஓர் இடம்.

இந்தத் துறைமுகம் 1901-ல் திறக்கப்பட்டது. அன்று அதற்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். போர்ட் கிள்ளான் ஆனது 1972-ல். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள், அல்லது இங்கே இறங்கினார்கள். இறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாம். முகாமிலிருந்து தோட்டம். ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஐ ஒட்டி முடிவுக்கு வந்தபின் ஆள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் கங்காணிகள் கையில் இருந்தது. கங்காணி ஊர்க்காரர், தெரிந்தவர், சில சமயம் சொந்தக்காரர். வழிச்செலவுக்கு வாங்கிய முன்பணம் அவர் கணக்கில் ஏறும். எந்த லயத்தில், அதாவது எந்தக் குடியிருப்பு வரிசையில், எந்த அறை என்பதிலும் அவர் வார்த்தை இருக்கும். அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு நஷ்டம். நோயாளி முகத்தைப் பார்த்ததும் அவர் முதலில் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வரிசையில் நிற்க வேண்டும். செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பெயர் படிப்பார்கள். பெயருக்கு நேரே குறி விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. கடை தோட்டத்துக்குள், கோயில் தோட்டத்துக்குள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள். வெளியூரிலிருந்து அண்ணன் வந்தால் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும். எழுந்தது முதல் படுக்கும்வரை இன்னொருவர் முகத்தைப் பார்த்தே ஒருவர் அடியெடுத்து வைத்தால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் முகம் பார்ப்பது பழக்கமாகிவிடும். துரை பக்கத்தில் இல்லாத நேரத்திலும் கை தானாகச் சைக்கிள் பிரேக்கைப் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தொழிலாளியின் தொழில் என்ன? பால் வெட்டுவது. அதைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. பால் குழாய்கள் அடர்ந்திருப்பது அந்தப் படலத்துக்கு மிக அருகில். கத்தி மேலோடு போனால் பால் வராது. ஆழம் மிஞ்சிப் படலத்தில் பட்டுவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. படலத்துக்கு மேலே விட்டுவைக்க வேண்டிய கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், ஆகவே இருட்டு விலகுவதற்குள் வெட்டத் தொடங்க வேண்டும். இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்த கோட்டில் மெல்லிய சீவல் ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு மரம் இல்லை, நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொன்றிலும் இவ்வளவு போதும் என்று கை முடிவு செய்ய வேண்டும்.

அந்த நேரத்தில் யாரைக் கேட்பது? துரை பங்களாவில் இருக்கிறார். கிராணி ஆபீசில் இருக்கிறார். மரம்தான் எதிரே நிற்கிறது. வெட்டு சரியாக விழுந்தால் பால் கோட்டோடு வழிந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டும். தவறினால் காயம் தெரியும். இவ்வளவு நுட்பமான தீர்ப்பை ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை தானே வழங்கிய ஆள், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சைக்கிளில் உட்கார இன்னொருவர் அனுமதியை எதிர்பார்த்து நின்றார். தன்னை நம்புவதற்கு வேண்டிய சரக்கு அவரிடம் நிறையவே இருந்தது. அந்தச் சரக்குக்கு மதிப்பு உண்டு என்று அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

ஒருவர் சொன்னால் போதுமா? ஒரே ஒருவர் சொன்னால் மாறிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு கணம் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். கல்லூரி மாணவர் ஒருவரை வேறு சிலரோடு ஓர் அறையில் உட்கார வைத்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு மூன்றில் எது? அவ்வளவுதான் கேள்வி. தனியாக விட்டால் நூற்றில் ஒருமுறைகூடத் தவறு வராத அளவுக்கு எளிய கேள்வி. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள் எல்லாரும் ஆஷ் முன்கூட்டிப் பழக்கி வைத்த ஆட்கள். சில சுற்றுகளில் அவர்கள் ஒரே குரலில், கொஞ்சமும் தயங்காமல், தப்பான கோட்டைக் காட்டினார்கள். கடைசியில் அந்த மாணவர் முறை வரும்.

என்ன ஆயிற்று? கண் முன்னால் தெரிகிற கோட்டை விட்டுவிட்டு, கூட்டம் சொன்ன தப்பான விடையைத் தாமும் சொன்னவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட சுற்றுகளில் வந்த விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டத்தோடு போன விடைகள். நான்கில் மூன்று மாணவர்கள் ஒருமுறையாவது வழுக்கினார்கள். மிரட்டல் கிடையாது, அபராதம் கிடையாது, கூலிப் பிடித்தம் கிடையாது. அந்நியர் சிலரின் முகச்சுளிப்பு, அதுவும் வரலாம் என்ற எண்ணம், அவ்வளவுதான்.

ஆஷ் அதோடு விடவில்லை. எத்தனை பேர் எதிரே இருந்தால் மனிதன் வழுக்குகிறான் என்று எண்ணிப் பார்த்தார். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் பாதிப்பு அநேகமாக இல்லை. இரண்டு பேர் என்றால் கொஞ்சம். மூன்று பேர் ஆனதும் முழு வேகம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆள் கூட்டினாலும் பெரிதாகக் கூடுவதில்லை. தமிழில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு: நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாற்பது பேர் என்று யாரும் சொல்வதில்லை. ஊரே என்ன சொல்லும் என்று சொல்பவர்களும் மனக்கண்ணில் பார்ப்பது மூன்று நான்கு முகங்களைத்தான். பெரிய அத்தை, எதிர்வீட்டுக்காரர், கோயில் கமிட்டியில் ஒருவர். ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த கணக்கைத் தமிழ்ப்பாட்டிகள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்று கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் அநேகமாக வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. துரை போய்விட்டார், கிராணி போய்விட்டார், பெரட்டு போய்விட்டது. நாலு பேர் மட்டும் போகவில்லை. எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த அன்று மாலையில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் தெரியும். பிள்ளை வெல்டிங் படிக்க ஆசைப்படுகிறான். கை நன்றாக வரும் என்று அவனுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு கையைப் பற்றி நடப்பதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றி நடக்கிறது. கல்யாண வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று மணி நேர விருந்துக்கு வாங்கிய கடனை ஐந்து வருஷம் கட்டுகிறவர்கள் இதே அவையில் இருக்கக்கூடும். ஆஷின் அறை இன்னும் பூட்டப்படவில்லை.

இனி அந்தச் சோதனையின் மிக முக்கியமான பகுதி. ஆஷ் இன்னொரு முறை ஏற்பாட்டை மாற்றினார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். ஒரே ஒரு குரல். மாணவர் தப்பாகச் சொல்வது முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! பிறகு அந்த மாணவர்களிடம் கேட்டார்கள்: உங்களுக்குத் துணிவு வந்தது அவர் இருந்ததாலா? அவர்மேல் பிரியம் வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் தாங்கள் உறுதியாக இருந்ததற்கு அவர் காரணமில்லை என்றார்கள். மனிதன் அப்படித்தான். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றவன், கால்தான் நிற்கிறது என்பான். அதிலும் பொய்யில்லை, நிற்பது கால்தானே?

தன்னம்பிக்கையைத் தனிமையில் வளரும் செடியாகவே மேடைகள் வர்ணிக்கின்றன. எல்லாரையும் உதறிவிட்டு, மலையுச்சியில் தனியே நிற்பவர் படத்தை அட்டையில் போடுகிறார்கள். சோதனை சொல்வது வேறு. தன் கண்ணைத் தான் நம்பத் தொடங்குவதற்கு, அதே கோட்டைப் பார்த்து அதே நீளத்தைச் சொல்லும் இன்னொரு மனிதர் பெரும்பாலும் தேவைப்படுகிறார். புகழ்பவர் வேண்டாம், தட்டிக்கொடுப்பவர் வேண்டாம். நீ கண்டதை நானும் கண்டேன் என்று வாய்விட்டுச் சொல்பவர் போதும்.

இனி கிள்ளானுக்குத் திரும்பலாம்.

கூலி குறைவு என்பது தொழிலாளிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பக்கத்துக் காட்டில் அதே வேலையைச் செய்யும் சீனத் தொழிலாளிக்கு அதிகக் கூலி என்பதும் தெரியும். தமிழ் ஆண் தொழிலாளிக்கு நாள் கூலி 50 காசு அளவில் நின்றது. ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பருக்குக் கிராக்கி ஏறியபோதும் அந்தக் காசு அதற்கேற்ப ஏறவில்லை. இதெல்லாம் லயத்து வாசலில் பேசிக்கொள்ளும் விஷயம். பெரட்டில் பேசும் விஷயமாக அது ஆகவில்லை. கோடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. முதலில் வாய் திறப்பது யார்?

தோட்டத்துக்கு வெளியே வாய்கள் திறந்துகொண்டுதான் இருந்தன. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கி மலாயா முழுக்கப் பேசிவிட்டுப் போனார். சுயமரியாதை என்ற சொல் இந்த நாட்டுத் தமிழில் அழுத்தமாகப் பதிந்த காலம் அது. 1936-ல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. 1937-ல் நேரு வந்தார். 1938-ல் இந்திய அரசு, உதவி கொடுத்துத் தொழிலாளரை அனுப்பும் முறையை நிறுத்தியது. பத்திரிகை படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும், மாலையில் பத்துப் பேர் அவரைச் சுற்றி உட்கார்வார்கள்.

அந்தப் பத்திரிகைகளில் ஒன்று தமிழ் நேசன். அதில் பணியாற்றியவர் ஆர். எச். நாதன். அவர் ஒய். கே. மேனன் போன்றோரோடு சேர்ந்து கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். நாதன் பால் வெட்டுபவர் இல்லை, கங்காணி இல்லை, துரையின் சம்பளக்காரரும் இல்லை. செக்ரோலில் அவர் பெயர் கிடையாது. ஆஷின் அறையில் சரியான விடை சொன்னாரே அந்த ஒருவர், அவர் வேலையைத்தான் நாதன் செய்தார். தொழிலாளிக்குத் தெரியாத எதையும் அவர் புதிதாகச் சொல்லிவிடவில்லை. தெரிந்ததை உரக்கச் சொன்னார்.

1941-ன் முற்பகுதியில் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. காந்தி குல்லா அணிந்து தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். வெயிலுக்குத் தலைத்துண்டு கட்டும் தோட்டத்தில் வெள்ளைக் குல்லா! அதைப் போட்டுக்கொண்டு துரையின் முன் நடப்பதே ஒரு பேச்சுதான்.

கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. அடித்து உதைக்கும் தோட்ட அலுவலரை நீக்க வேண்டும். பெண்களிடம் துரைமாரும் அலுவலரும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். சரியான மருத்துவம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக வழி வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். கோரிக்கை வைத்தவரைப் பழிவாங்கக் கூடாது. சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பொருளாதாரப் பட்டியலாக மட்டும் படிக்கிறவர்கள் சைக்கிளையும் கள்ளுக்கடையையும் ஓரத்துச் செய்திகளாகத் தாண்டிப் போகிறார்கள். அது தவறான வாசிப்பு. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவர்கள் யார்? அந்தக் கடை யாரை நம்பி நடந்ததோ அந்தத் தொழிலாளர்களே. தங்கள் பலவீனத்தைத் தாங்களே பெயர் சொல்லிக் கோரிக்கைத் தாளில் எழுத எவ்வளவு உறுதி வேண்டும்! நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நினைப்பவர் தன் குறையை மறைப்பார். தன்னை நம்பத் தொடங்கியவர் குறையை மேசைமேல் எடுத்து வைப்பார். சைக்கிளோ இன்னும் நுட்பம். அதில் யாருக்கும் ஒரு காசு செலவில்லை. கொடுத்திருந்தால் தோட்டத்துக்கு ஒரு ராத்தல் ரப்பர்கூடக் குறைந்திருக்காது. தொழிலாளி கேட்டது, துரையின் பார்வையை அளவுகோலாக வைக்காமல் நடமாடும் உரிமை.

முதல் அலையில் கூலியில் சிறு உயர்வு கிடைத்தது. மே 5-ம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இங்கே மறுபடி ஆஷ். கூட வந்த ஒருவர் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்றும் அவர் பார்த்திருந்தார். துணையாள் திடீரென்று கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பு விடை சொன்னால், மாணவர் பழையபடி சறுக்கினார். ஆனால் வேறு வேலை இருக்கிறது என்று துணையாள் அறையை விட்டுப் போனால் அவ்வளவு சறுக்கல் இல்லை. ஆள் போன பிறகும் அவர் கொடுத்த துணிவு கொஞ்சம் தங்கியது. நாதனைக் கட்சி மாற வைக்க அதிகாரத்தால் முடியவில்லை; அறையை விட்டு வெளியேற்ற மட்டுமே முடிந்தது. தலைவரை அகற்றினால் கூட்டம் கலையும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பிழைத்தது. நாதனை விடுதலை செய்யச் சொல்லித் தொழிலாளர்கள் கிள்ளானில் திரண்டார்கள். வேலைநிறுத்தம் அண்டை மாவட்டங்களுக்கும் பரவி, ஆயிரக்கணக்கானவர்களை இழுத்துக்கொண்டது. மே 16-ம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படையினரையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள், பலர் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த மாத முடிவில் போராட்டம் நசுக்கப்பட்டிருந்தது.

தன்னை நம்பினால் வெற்றி நிச்சயம் என்று மேடையில் முழங்குவது எளிது. கிள்ளான் 1941 அப்படி முழங்க இடம் கொடுக்காது. தன்னை நம்பியவர்கள் தோற்றார்கள், செத்தார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். தன்னம்பிக்கைக்கும் வெற்றிக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள், மறுபடியும் பிறர் தரும் பரிசைத்தான் அளவுகோலாக்குகிறார்கள்.

ஆனால் அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. டிசம்பர் 8-ம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறினார்கள். 1942 ஜனவரி 11-ம் தேதி கோலாலம்பூர் அவர்கள் வசமானது. அதற்குள் துரைமார் பங்களாக்களைப் பூட்டிக்கொண்டு தெற்கே ஓடியிருந்தார்கள். யார் முகத்தைப் பார்த்து ஒரு தலைமுறை நடந்ததோ, அந்த முகம் எட்டு மாதத்தில் மறைந்தது. தீபகற்பத்தின் வழியே இறங்கி வந்த ஜப்பானியப் படையில் பெரும் பகுதி எதில் வந்தது தெரியுமா? சைக்கிளில்!

புது எசமானர் பழையவரைவிடக் கொடியவர் என்பது சீக்கிரமே தெரிந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதே இருண்ட வருஷங்களில், 1943-ல், கோலாலம்பூரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதணியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவர்தான் ஜானகி ஆதி நாகப்பன். வசதியான வீட்டுப் பெண். அவரோடு பயிற்சிக் களத்தில் நின்றவர்களில் பலர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். பெண் துப்பாக்கி பிடிப்பதைப் பற்றி அந்தக் காலத்து நாலு பேர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை இந்த அவைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரை கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். அப்படியானால் யார் பேச்சையும் கேட்க வேண்டாமா? எல்லாம் எனக்குத் தெரியும் என்று திரிபவரும் தன்னை நம்புகிறவர்தானே? நியாயமான சந்தேகம்.

துறைமுகத்து மக்களுக்குத் துறைமுகத்திலிருந்தே ஓர் உதாரணம். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணத்தில் வளர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லாமல் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவர். பெயர் சீனிவாச ராமானுஜன். பட்டம் இல்லை, பதவி இல்லை. நோட்டுப் புத்தகங்களில் தேற்றங்கள் மட்டும் நிரம்பிக் கிடந்தன. அதே அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயருக்குக் கணிதம் தெரியும். வேலை முடிந்தபின் இருவரும் பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பாருங்கள், இங்கேயும் அந்த ஒருவர்!

ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு எழுதினார். முதலில் எழுதிய இருவரிடமிருந்து உதவி வரவில்லை. நாலு பேர் ஒப்புதலைத் தேடுகிறவராக இருந்திருந்தால் அங்கேயே பேனாவை மூடியிருப்பார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு மூன்றாவதாக ஒருவருக்கு எழுதினார். அவர் ஜி. எச். ஹார்டி. கடிதத்தோடு வந்த தாள்களை ஹார்டி, சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. சில, உலகம் அதுவரை காணாதவை. பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் தவறு. தவறைத் தவறு என்று ஹார்டி சொன்னார். ராமானுஜன் நிரூபணம் எழுதும் முறையைக் கற்றுக்கொண்டார். 1914-ல் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

அவர் ஹார்டியிடம் கேட்டது எது? சரிபார்க்கும்படி கேட்டார். சம்மதம் கேட்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். சம்மதம் கேட்பவர் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறார். சரிபார்க்கக் கேட்பவர் எதிராளியையும் கூட்டிக்கொண்டு அதே தாளைப் பார்க்கிறார். பால் வெட்டுபவர் மரத்தைப் பார்த்ததைப் போல. கண்டனத்தைக் காது கொடுத்துக் கேட்கவே முடியாதவர் தன்னை நம்புகிறவர் இல்லை. கைதட்டலை எதிர்பார்த்து ஏமாந்தவர். வெட்டில் பால் வருகிறதா என்று பார்க்காமல் வெட்டிக்கொண்டே போகும் கை, நம்பிக்கையான கை ஆகாது.

தோட்டத் தொழிலாளரிடம் அந்தத் தன்னம்பிக்கை பிறகு என்ன ஆனது என்பதோடு இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். போர் முடிந்தது. தொழிற்சங்கங்கள் எழுந்தன. ஆனால் 1949 மே 4-ம் தேதி தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1957-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அதையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் லயம் கிடையாது, பள்ளி கிடையாது, வேலையும் கிடையாது. குடும்பங்கள் வீதிக்கு வந்தன.

யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? கேட்டால் கொடுக்கத் துரையும் இல்லை. 1960-ல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்வது என்பது திட்டம். ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் மேலோ கீழோ நாள் கூலி வாங்குகிறவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று சிரிக்க நாலு பேருக்கா பஞ்சம்? பணம் கட்டியவர்கள் ரசீதை வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். 1961-ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் அது. சங்கத்தின் பங்குதாரர்கள் பால் வெட்டும் தொழிலாளர்கள்.